ஊதினாத்தான் உள்ளே

— அதெல்லாம் அப்புறம் சொல்லலாம். முதல்ல ஊது.

— அடிப்பாவி, வேலை கிடைச்சிருக்குன்னு கத்துறேன், காதுல விழலியா? பெத்தவளைச் செருப்பையாவது கழட்ட விடு.

— செருப்பு எங்கயும் ஓடிடாது. ஊதினாத்தான் உள்ள. இது என்ன, நேத்து வந்த சட்டமா?

— சரி தாயே. எங்க, உன் மூக்கைக் கொண்டா.

— வேணாம், அங்கேயே நின்னு ஊது.

— நான் வாசல்ல. நீ ஜன்னல்ல. இங்க ஊதினா உனக்கு என்னடி தெரியும்? காத்து பஸ் பிடிச்சா வந்து சேரும்?

— எனக்கு சளி. உனக்கும் ஒட்டிக்கும். ஊதும்மா, நேரமாகுது.

— ஹூ... போதுமா? மூக்கடைச்ச போலீஸை இப்பத்தான் பாக்குறேன். மோந்து பாக்க முடியாதவளுக்கு எதுக்கு இந்த சோதனை?

— பழக்கம்.

— நான் குடியைத் தொட்டு எத்தனை வருஷமாச்சுன்னு என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்.

— தெரியும். பாயிண்ட் அது இல்ல. வீட்டுக்குள்ள வர்றப்போ ஊதணும், அதுதான் பாயிண்ட்.

— ஊதியாச்சு. உள்ள வரலாமா, இன்ஸ்பெக்டர் அம்மா?

— வா. கதவைச் சாத்து.

— ஜன்னலையும் சேத்தே சாத்துறேன், தள்ளு. சளின்னு சொல்லிக்கிட்டு ஈரக் காத்துல நிக்கிற. ஏய், நான் பக்கத்துல வந்தா நீ எதுக்கு அந்த மூலைக்குப் போற?

— சளிம்மா. எத்தனை தடவை சொல்றது?

— சரி சரி. மூலையில இருந்தே கேளு. எனக்கு வேலை கிடைச்சிருச்சுடி! குடியை விட வர்றவங்களுக்கு ஒரு இல்லம் இருக்குன்னு சொன்னேன்ல, அங்க. சமூகப் பணியாளர்! ஆஸ்பத்திரி லாண்டரியில விரிப்பு அலசி அலசித் தேஞ்ச கை இது. இனிமே இதுல ஒரு அடையாள அட்டையைக் குடுத்துக் கழுத்துல மாட்டிக்கச் சொல்லுவாங்க.

— நிஜமாவே எடுத்துட்டாங்களா? உன் வயசுக்கு?

— வயசைக் கேக்கல. டைரக்டர் மேடம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. புதுசா ஒருத்தர் வந்து சேந்தா முதல்ல என்ன செய்வீங்கன்னு. லாண்டரியில ஷிப்ட் முடிச்சு வந்து கண்ணு சொக்கச் சொக்கப் படிச்சேனே, அதுல ஒரு வரி ஞாபகம் வரணுமே? எல்லாம் காணாமப் போச்சு. என் வாய் தானா சொல்லுது, "என்கூட சேந்து ஒரு படுக்கை விரிப்பை மடிக்கச் சொல்லுவேன் மேடம்"னு.

— ஐயோ அம்மா! மானத்தை வாங்கிட்டு வந்திருக்க.

— மேடமும் முதல்ல முழிச்சாங்க. அப்புறம் நான் விளக்கிச் சொன்னேன். பெரிய விரிப்பை ஒத்தை ஆளா மடிக்க முடியாது மேடம், எதிர்முனையில இன்னொருத்தர் வேணும். ஒவ்வொரு மடிப்புக்கும் ரெண்டு பேரும் ஒரு எட்டு கிட்ட வரணும். கைக்கு வேலை குடுத்துட்டா வாய் தானா திறந்துக்கும்னு.

— மடிப்பு அக்கா கதை.

— கதை இல்லடி, என் உசுரு அது. அப்ப குடியை விட என்னைச் சேத்த இல்லத்துல நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு படுத்துக் கிடந்தேன். டாக்டர் கேட்டார், பேசல. உங்க சித்தி வந்து அழுதுட்டுப் போனா, பேசல. அவகிட்ட உங்கப்பா, இது ஷுகர் மயக்கத்துக்கு ஆஸ்பத்திரின்னுதான் சொல்லி வச்சிருந்தார். அப்புறம் அந்த அக்கா, காஞ்ச துணிக் கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. "எனக்குக் கை பத்தலம்மா, ஒரு முனையைப் பிடி"ன்னாங்க. அவ்வளவுதான். ஏன் குடிச்ச, எவ்வளவு குடிச்ச, புருஷன் சரியில்லையா, ஒரு கேள்வி கிடையாது. கூடை காலியாகுறதுக்குள்ள நானே எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்களும் ஒரு காலத்துல குடிச்சுச் சீரழிஞ்சவங்கதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

— அதனால நீயும் மடிப்பு அக்கா ஆகப் போற.

— அன்னைக்கே நினைச்சுட்டேன். இங்கிருந்து நல்லபடியா வெளிய போனா, இன்னொருத்திக்கு எதிர்முனையைப் பிடிக்கணும்னு. இன்னைக்குத்தான் நடந்திருக்கு. என்னடி, ஒரு சிரிப்பு கூட வரலியா உனக்கு?

— சந்தோஷம்தான். ஆனா நீ போக வேணாம்.

— என்னது?

— லாண்டரி வேலை போதும். நான் சம்பாதிக்கிறேன்ல? உனக்கு என்ன குறை?

— குறையா? குறை இருந்தாத்தான் வேலைக்குப் போகணுமா?

— யோசிச்சுப் பாரும்மா. லாஜிக்கா யோசி. அங்க சேந்தா, நீ அப்படி இருந்தவன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். சித்திக்கு என்ன சொல்லுவ? அத்தைக்கு? அம்மாவுக்கு ஷுகர், அடிக்கடி மயக்கம் வரும்னு அப்பா ஆரம்பிச்சு வச்சாரு. நான் இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— உங்கப்பாதான் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போய் எங்கயோ வேற குடும்பம் நடத்துறாரே. அவர் வச்ச ஷுகர் மட்டும் எதுக்குடி இன்னும் என் உடம்புல இருக்கணும்? இல்லாத நோய்க்காக எத்தனை வருஷமா சக்கரை போடாத டீ குடிக்கிறேன்! போன தடவை சித்தி பேரன் பொறந்தநாளுக்குப் போனோமே, எல்லாருக்கும் கேக். எனக்கு ஒரு வாழைப்பழம். அதுலயும் பாதியை வாங்கி வச்சுட்டா உங்க சித்தி, "அக்காவுக்கு ஆகாது"ன்னு.

— சிரிக்காத. நான் சீரியஸா பேசிட்டு இருக்கேன்.

— நானும்தான். வேலையில சேந்த கையோட எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடப் போறேன். சொல்லிட்டு, ரெண்டு துண்டு கேக் வாங்கித் தின்னப் போறேன். அதுவும் கிரீம் போட்ட துண்டா.

— உனக்கு என்ன, சொல்லிடுவ. சொன்னப்புறம் அவங்க பார்வையை வாங்கிக்கிறது யாரு? நான். எப்பவும் நான்தான். அந்த யூனிஃபார்ம் நாள் ஞாபகம் இருக்கா உனக்கு?

— மறக்கிற நாளா அது?

— நீ எழுந்திரிக்கல. சரி, நானே இஸ்திரி போட்டுக்கலாம்னு அலமாரியில இருந்த தண்ணி தெளிக்கிற பாட்டிலை எடுத்து சட்டை பூரா புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சேன். சூடு பட்டதும் ஒரு வாடை வந்துச்சு. என்னன்னு எனக்குத் தெரியல. வேற சட்டையும் காயல. அப்படியே போட்டுக்கிட்டுப் போயிட்டேன்.

— கண்ணு...

— முடிக்க விடு. பெஞ்ச்ல பக்கத்துல இருந்தவ எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டா. டீச்சர் என்னை வெளிய கூட்டிட்டுப் போய், மூஞ்சிக்கிட்ட மூக்கைக் கொண்டு வந்து, "எங்க, ஊது"ன்னாங்க. என்னை! சட்டையில இருந்தது நீ அந்த பாட்டில்ல ஒளிச்சு வச்ச சரக்கு, ஊதினது நான். மருந்து கொட்டிருச்சு மிஸ்னு சொன்னேன். என் அம்மாவுக்கு ஷுகர் மிஸ்னு சொன்னேன். அன்னைக்கு சாயங்காலம்தான் முதல் தடவையா உன்னை வாசல்ல நிறுத்தி ஊதச் சொன்னேன்.

— சொன்ன. என் இடுப்பு உயரம்தான் இருந்த. ரெண்டு கையையும் கதவுல வச்சு மறிச்சுக்கிட்டு நின்ன. நான் ஊதல. உன் மூஞ்சியைப் பாக்க முடியாம, வந்த படியிலயே இறங்கிப் போயிட்டேன். போன போக்குல எங்க விழுந்தேன், யார் தூக்கினா, ஒண்ணும் தெரியாது. கண்ணு முழிச்சுப் பாத்தா மடிப்பு அக்கா இருந்த அந்த இல்லம். எதிர்ல வெள்ளைச் சுவர்.

— அதான் சொல்றேன், எதுக்கு மறுபடி அதுலயே போய் நிக்கணும்?

— அந்த மாதிரி ஒரு சுவத்தைப் பாத்துக்கிட்டு இன்னைக்கும் ஒருத்தி படுத்துக் கிடப்பா கண்ணு. அவ வீட்டு வாசல்லயும் ஒரு சின்னப் பொண்ணு நிக்கும். அதான்.

— உனக்கே மறுபடி வந்துட்டா? தினம் அந்த வாடையில இருக்கப் போற. நாக்கு ஊறாதா?

— ஊறும்.

— ஊறுமா?

— இப்பவும் சில நாள் ஊறுது. ஊறலன்னு சொன்னா அது பொய். ஊறினா என்ன செய்யணும்னு இப்பத் தெரியும், அதான் வித்தியாசம்.

— என்ன செய்வ?

— யாரையாவது கூப்பிட்டு "எனக்கு இப்ப வேணும்போல இருக்கு"ன்னு சொல்லிடுவேன். மடிப்பு அக்காவை எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன் தெரியுமா? சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதி அடங்கிடும்.

— அவ்வளவு ஈஸியா?

— ஈஸின்னு யார் சொன்னா? அந்த முதல் வார்த்தை இருக்கே, அது தொண்டையை விட்டு வெளிய வர்றதுக்குள்ள உசுரு போயிடும். அதுவரைக்கும் நாமளே நமக்கு வக்கீல். இன்னைக்கு மட்டும், கொஞ்சமே கொஞ்சம், யாருக்கும் தெரியாது, நாளையில இருந்து கிடையாதுன்னு.

— முதல் கொஞ்ச நாள்... ரொம்பக் கஷ்டமா இருக்குமா?

— இருக்கும். எதுக்குக் கேக்குற?

— சும்மா. உன் வேலையைப் பத்தித்தானே பேசிட்டு இருக்கோம்.

— அப்பாடா, "உன் வேலை"ன்னு உன் வாயால சொல்லிட்ட! பாதி சம்மதம் வந்தாச்சு. மீதிப் பாதியை இப்ப வாங்கிடுறேன். ஒரே ஒரு உதவி வேணும். உன்னை நம்பித்தான் மேடம்கிட்ட சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— என்ன?

— என்னை மாதிரி குடிச்சு மீண்டவங்க அங்க வேலைக்குச் சேந்தா, வீட்டு ஆள் ஒருத்தர் வந்து மேடம்கிட்ட நேர்ல பேசணும். "இவங்க நல்லா இருக்காங்க, நான் கூடவே இருந்து பாக்குறேன்"னு. வீட்டு ஆள் வாயால கேக்காம யாரையும் சேத்துக்க மாட்டாங்களாம். அது அவங்க முறை. நாளைக்குக் காலையில வரச் சொல்லிருக்காங்க.

— சித்தியைக் கூட்டிட்டுப் போ.

— சித்திக்கு என் ஷுகர்தானே தெரியும்? அவ வந்து என்ன சொல்லுவா, வாழைப்பழம் பாதிதான் குடுப்பேன்னு சொல்லுவாளா?

— நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு.

— உன் ஆபீஸ் போற வழிதான். மேடம் சீக்கிரமே வந்துடுவாங்க. பேசிட்டு நீ பாட்டுக்குப் போயிடலாம்.

— தொண்டை கட்டிருக்கு. எப்படிப் பேசுறது?

— இவ்வளவு நேரம் என்னை வாய் ஓயாம திட்டின தொண்டை, நாளைக்கு ரெண்டு வார்த்தைக்கு வராதா? வராட்டி தலையை ஆட்டு. என் மகளோட தலையாட்டல் போதும் அவங்களுக்கு. நீ இல்லாம இந்த வேலை எனக்கு இல்லடி. உனக்கு இன்னொரு விஷயம் சொன்னா நீயே ஓடி வருவ. அங்கேயும் உன் சட்டம்தான்.

— என்ன சட்டம்?

— ஊதினாத்தான் உள்ள! நம்பலியா? கேட்ல வாட்ச்மேன் ஒரு சின்ன மெஷினோட உக்காந்திருக்கார். யார் உள்ள போனாலும் ஊதணும். டைரக்டர் மேடமும் ஊதணும், பால்காரரும் ஊதணும். சந்தேகப்பட்டவங்களை மட்டும் ஊதச் சொன்னா அது அவமானம், எல்லாரும் ஊதினா அது வெறும் வாசல்தான்னு மேடம் சொல்றாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. வாட்ச்மேன் என்னம்மான்னு கேட்டார். "எங்க வீட்டு வாசல் ஞாபகம் வந்துருச்சுங்க"ன்னேன். நாளைக்கு உன்னைக் கொண்டு போய்க் காட்டி, "இவதான் அந்த வாசல்"னு சொல்லப் போறேன். என்னடி முகம் மாறுது?

— நான் வரல.

— கண்ணு, கொஞ்ச நேரம்தான்...

— வரலன்னா வரல. விடு.

— ஒருதடவை ஊதிட்டு உள்ள...

— நான் ஊத மாட்டேன்மா! புரியுதா உனக்கு? நான் எதுக்கு ஊதணும்? சின்ன வயசுல உனக்காக ஊதினது போதாதா? மறுபடி எவனோ ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா மெஷினை நீட்டுவான், நான் வாயைத் திறக்கணுமா? வேற ஆளைப் பாத்துக்கோ. இல்லன்னா அந்த வேலையை விட்டுடு.

— சரி.

— என்ன சரி?

— சரின்னேன்.

— அம்மா. கோவமா?

— இல்ல.

— ரொம்பக் கத்திட்டேனா?

— இல்லடி. டீ போடவா? இன்னைக்கு சக்கரை போட்டுக் குடிக்கலாம்.

— வேணாம்.

— சரி. அந்தப் பெரிய விரிப்பு கொடியில காஞ்சு கிடக்கு. எடுத்துட்டு வா.

— இப்ப எதுக்கு அது?

— மடிக்க வேணாமா? எனக்குக் கை பத்தல. ஒரு முனையைப் பிடி.

— என்கிட்ட இந்த வேலையெல்லாம் வச்சுக்காத.

— எந்த வேலை?

— மடிப்பு அக்கா வேலை. நான் ஒண்ணும் உன் பேஷன்ட் இல்ல.

— நீ என் மக. மக அம்மாவுக்குத் துணி மடிச்சுக் குடுத்தா ஆகாதா? பிடிடி.

— பிடிச்சாச்சு.

— நல்லா இழு. இன்னும் கொஞ்சம். ம்... உன் பக்கம் ஏன் இப்படி ஆடுது?

— காத்து.

— ஜன்னலைத்தான் நான் வந்ததுமே சாத்திட்டேனே.

— மடிக்கிறியா, இல்ல பேசிக்கிட்டே இருக்கியா?

— மடிக்கிறேன். நீளவாட்டுல ஒண்ணு. ஆங், அப்படித்தான். இப்ப கிட்ட வந்து உன் முனையை என் கையில குடு.

— இந்தா.

— எட்டலியே. கையை மட்டும் நீட்டிக்கிட்டு அவ்வளவு தூரத்துல நின்னா எப்படி?

— சளின்னு சொன்னேன்ல.

— ஆமா, சொன்ன. போன வாரமும் சளி. அதுக்கு முந்தின வாரமும் சளி. கிராம்பு டப்பா காலியாகி, நான்தான் புதுசா வாங்கி வச்சேன்.

— தொண்டைக்கு நல்லதும்மா அது.

— நல்லதுதான். எனக்கும் அந்தக் காலத்துல எப்பப் பாத்தாலும் சளிதான், வாயில கிராம்புதான் கண்ணு.

— என்ன சொல்ல வர்ற?

— ஒண்ணும் சொல்லல. மடிப்பு கோணுது, நேராப் பிடி.

— எதையாவது கேக்கணும்னா மூஞ்சிக்கு நேரா கேளு.

— கேக்க மாட்டேன்.

— ஏன்? நான் உன்னைத் தினம் கேட்டேன்ல? ஒருநாள் விடாம வாசல்ல நிறுத்திக் கேட்டேன்ல? நீயும் கேளு. கேட்டுத் தொலை.

— நீ கேட்டதுல தப்பே இல்ல. குழந்தை நீ, உனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். நான் இல்லத்துல இருந்து திரும்பி வந்தப்புறம் அந்த ஊதல்தான் என்னை நேரா வீட்டுக்கு இழுத்துட்டு வந்துச்சு. ஆனா குடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல ஒருத்தர் வழியை மறிச்சு நின்னா எனக்கு ரெண்டே வழிதான் தெரியும். பொய் சொல்லணும், இல்ல படியிறங்கிப் போயிடணும். நான் ரெண்டையும் செஞ்சவ. இந்த வீட்டுப் படியில இன்னொருத்தி அப்படி இறங்கிப் போறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

— அப்ப உன் வேலை?

— கிடக்கட்டும். மேடம் வேற ஆளைப் பாத்துப்பாங்க.

— தூக்கத்தை விட்டுப் படிச்சியே.

— எதிர்முனையைப் பிடிக்கத்தானே படிச்சேன்? அந்த முனை இல்லத்துல இருந்தா என்ன, என் வீட்டு ஹால்ல இருந்தா என்ன?

— அழறியா?

— ஆமா, அழறேன். நீ அதைக் கண்டுக்காத. விரிப்பை விட்டுடாத, அது போதும்.

— விடல.

— இன்னும் ஒரே மடிப்பு பாக்கி. நீயா வந்தா வா. வராட்டியும் பரவாயில்ல, நான் இப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— கை வலிக்கும் உனக்கு.

— லாண்டரிக் கை. வலிக்காது.

— நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?

— எங்கயும் போக வேணாம்னு சொல்லிட்டேனே.

— நான் வர்றேன். வந்து பேசுறேன். எங்கம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்றேன். அது உண்மைதானே.

— கேட்ல அந்த மெஷின்...

— தெரியும்மா. அதுல என்ன காட்டும்னும் தெரியும். இந்தா, கிட்ட வந்துட்டேன். வாட்ச்மேன்கிட்ட ஊதுறதுக்கு முன்னாடி, உன்கிட்ட ஊதிடுறேன்.